அழுத்தும் கைக்குக் கீழே ரத்தம் என்ன செய்கிறது?

சங்ககிரியிலிருந்து லாரி ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ராத்திரி நேரத்தில் நாலுவழிச் சாலையில் அடிபட்டுக் கிடப்பவர்களை முதலில் பார்ப்பது பெரும்பாலும் நாங்கள்தான். துண்டை மடித்துக் காயத்தில் வைத்து அழுத்துவோம். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்த்தால் மறுபடியும் ரத்தம் பொங்குகிறது. எவ்வளவு நேரம்தான் வைத்திருக்க வேண்டும்?"

எடுத்தே பார்க்கக் கூடாது. குறைந்தது பத்து நிமிடம், முடிந்தால் 108 வரும்வரை, அதே இடத்தில் அசையாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். காரணம் சொல்வதற்கு முன், உங்களுக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியைத் தள்ளி ஓரங்கட்டி, பார்க்கிங் லைட் போட்டு, கிளீனர் இருந்தால் பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்கச் சொல்லிவிட்டு, முதலில் 108-ஐ அழையுங்கள். கையில் ஒரு பாலிதீன் கவரையாவது மாட்டிக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்கு வராது, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் சொல்கின்றன. 2019 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு அது. ஆனால் கூட்டம் சேர்ந்து "இந்த லாரிதான் இடித்தது" என்று பாய்ந்துவிடுமோ என்ற பயத்தைச் சட்டம் தீர்க்காது. அந்தப் பயத்தோடும் வண்டியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, ரத்தத்துக்கு வருவோம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் 2 லிட்டர் போனால் உயிருக்கே ஆபத்து. ரத்தக்குழாய் அறுபட்டதும் அதன் சுவரிலுள்ள தசை தானாகவே சுருங்கும். இது பள்ளியில் படித்ததுதான். ரத்தத்தில் மிதக்கும் நுண்ணிய செல் துண்டுகளான தட்டணுக்கள் வந்து அடைக்கும் என்பதும் படித்ததுதான். ஆனால் அவ்வளவு வேகமாகப் பாயும் ரத்தத்தில், மூன்று மைக்ரோமீட்டர்கூட இல்லாத ஒரு தட்டணு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இதற்கென்றே ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது. ஆலந்து தீவுகளில் ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வந்த ரத்தப்போக்கு நோயை பின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லிபிராண்ட் 1926-ல் விவரித்தார். அந்த நோயாளிகளிடம் குறைவாக இருந்த புரதத்துக்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள். மிக நீளமான மூலக்கூறு. சாதாரண நேரத்தில் சுருண்டு, உருண்டையாகி, யாரையும் தொந்தரவு செய்யாமல் ரத்தத்தோடு போய்க்கொண்டிருக்கும். தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் கொக்கிகள் அந்தச் சுருளுக்குள் ஒளிந்திருக்கும். குழாய் கிழிந்ததும் சுவருக்கு அடியிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரியும். இந்தப் புரதத்தின் ஒரு முனை போய் அதில் ஒட்டிக்கொள்ளும். மறுமுனையை ரத்த ஓட்டம் இழுக்கும். சுருட்டி வைத்த தார்ப்பாய்க் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டிவிட்டு மிச்சத்தை வெள்ளத்தில் போட்டது போல, சுருள் பிரிந்து நீளும். உள்ளே இருந்த கொக்கிகள் வெளியே வரும். கடந்து போகும் தட்டணுக்கள் அதில் மாட்டிக்கொள்ளும். ஓட்டம் எவ்வளவு வேகமோ அவ்வளவு நன்றாகப் பிரியும். எந்த வேகம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிறதோ, அந்த வேகமே பொறியைத் திறந்துவிடுகிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதுவரை நம் உதவி தேவைப்படவில்லை. அடுத்த கட்டத்துக்குத்தான் கை வேண்டும். தட்டணுக் குவியல் தளர்வானது. அதை இறுக்கிக் கட்ட ஃபைப்ரின் என்ற இழைகள் வேண்டும். த்ராம்பின் என்ற நொதி, அதாவது வேதிவினையை விரைவாக்கும் புரதம், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை வெட்டி இழையாக்குகிறது. த்ராம்பினோ ஒரு நீண்ட வேதிச் சங்கிலியின் கடைசியில் உருவாவது. காயத்தின் வாயில் அது போதிய செறிவுக்குச் சேர வேண்டும். ரத்தம் பீறிட்டுக்கொண்டே இருந்தால், உருவாகிற த்ராம்பின் அப்படியே கழுவிக்கொண்டு போய்விடும். முதல் கட்டத்துக்கு வேகம் உதவியது; இரண்டாம் கட்டத்துக்கு நிதானம் வேண்டும்.

அந்த நிதானத்தைத்தான் உங்கள் உள்ளங்கை கொடுக்கிறது. குழாயை முழுசாக மூடவேண்டும் என்றுகூட இல்லை. ஒரு குழாயின் ஆரம் பாதியானால் அதில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது இயற்பியல். பத்து நிமிடத்தில் ஃபைப்ரின் வலை பின்னப்படுகிறது. துணியின் நூலிழைகளையும் சேர்த்தே பின்னிக்கொள்கிறது. எடுத்துப் பார்த்தால் அந்த வலையும் சேர்ந்து பிய்ந்து வரும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். துணி நனைந்தால் மேலே இன்னொரு துணியை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். அப்படியும் கொட்டினால், பெரும்பாலும் கை சரியான இடத்தில் இல்லை என்று அர்த்தம். கண்ணாடியோ கம்பியோ குத்தியிருந்தால் பிடுங்காமல் அதன் இரு பக்கமும் அழுத்த வேண்டும்.

இறுக்கிக் கட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். கை கால் நசுங்கியோ துண்டாகியோ அழுத்தத்துக்கு அடங்காமல் ரத்தம் போனால் மட்டும், காயத்தின்மேல் அல்ல, அதற்கும் இதயத்துக்கும் இடைப்பட்ட பக்கத்தில், அகலமான துணியால், அடியோடு நிற்கும் அளவு இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அரைகுறைக் கட்டு ஆபத்து. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளில் அழுத்தம் குறைவு, இதயத்திலிருந்து கொண்டுவரும் தமனிகளில் அதிகம். லேசாகக் கட்டினால் சிரை மட்டும் அடைபடும். தமனி வழியாக ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், திரும்பப் போக வழியில்லாமல் காயம் வழியாகவே கொட்டும்.

உடம்பு குளிர்ந்தாலும் உறைதல் மந்தமாகும், ஏனென்றால் இந்த வேலை எல்லாம் நொதிகளுடையது. கேபினில் கிடக்கும் போர்வையை எடுத்துப் போர்த்துங்கள். வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுவதோடும் பூசணிக்காய் உடைப்பதோடும் எனக்குச் சண்டையில்லை. ஆனால் காயத்தில் காப்பித்தூளையும் மஞ்சளையும் அப்பும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். தூள் கிருமியைச் சேர்க்கும். அழுத்த வேண்டிய நிமிடங்கள் தூள் தேடுவதில் போய்விடும்.

இதையெல்லாம் ஓட்டுநர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் பலன் இருக்குமா? கானாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அப்போது முறையான ஆம்புலன்ஸ் சேவை இல்லாதிருந்த அந்த நாட்டில் 335 வணிக வாகன ஓட்டுநர்களுக்கு 6 மணி நேர முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். சுமார் பத்து மாதம் கழித்து ஒரு பகுதியினரைத் தேடிப்பிடித்துக் கேட்டதில், 61 சதவீதம் பேர் பயிற்சிக்குப் பிறகு யாருக்காவது முதலுதவி செய்திருந்தார்கள். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தியவர்கள் 4 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். 2002-ல் வெளியான ஆய்வு இது.

அந்தப் பத்து மாதம் கழித்துக் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் முகாம் நடத்தப் பணம் கிடைக்கிறது. முகாமுக்கு வந்தவருக்கு என்ன நினைவிருக்கிறது, எதைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று பின்னால் போய்ப் பார்க்கும் ஆய்வுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லாத ஆய்வு. தமிழ்நாட்டில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு 2021 முதல் இலவசமாகத் தருகிறது. ஆஸ்பத்திரி வாசல் வரை அந்த உயிர் வந்து சேர்ந்தால்தானே அது பயன்படும்? வணிக வாகன உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம். புதுப்பிக்க வரும் அன்று அரை நாள் ஒதுக்கி, பத்து நிமிடம் கை எடுக்காமல் அழுத்திப் பழகவைத்து அனுப்பலாம். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் தொடங்கினால் போதும், லோடு போகும் மாநிலமெல்லாம் அந்தப் பயிற்சியும் போகும்.