கண்காணியா, மேற்பார்வையாளரா?

சபைத் தலைமையைப் பற்றிய ஆங்கிலப் பிரசங்கங்களை உடனுக்குடன் தமிழாக்கும் கொழும்புச் சகோதரர்கள் பலர், 'எப்பிஸ்கோப்பொஸ்' என்ற கிரேக்கச் சொல் நிற்கும் இடத்தில் இப்போது 'மேற்பார்வையாளர்' என்கிறார்கள். அவர்கள் மடியில் விரிந்திருக்கும் வேதாகமத்திலோ, பிலிப்பியர் 1:1இலும் தீத்து 1:7இலும், 'கண்காணி' என்றே அச்சாகியிருக்கிறது.

'எப்பி' என்றால் மேல், 'ஸ்கோப்பொஸ்' என்றால் நோக்குபவர். ஒட்டவைத்தால் மேற்பார்வையாளர் கிடைப்பது உண்மைதான். ஆனால் கண்காணி பழந்தமிழ்ச் சொல். எங்கும் கலந்து நிற்கும் இறைவனையே திருமூலர் கண்காணி என்று பாடியிருக்கிறார்.

மாற்றுச் சொல்லுக்கு அவர்கள் காட்டும் காரணம் மலையகம். கண்காணி என்றால் தோட்டத்துக் கங்காணிதான் நினைவுக்கு வருவார், ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்து கொழும்பில் உழைப்போர் முகம் சுளிப்பார்கள் என்கிறார்கள். இது இலேசான வாதமல்ல. ஆள்சேர்த்து, முற்பணக் கடனில் கட்டிவைத்து, தலைக்காசு வாங்கிய பெரியகங்காணியை, கடனைத் தீர்த்தால்தான் ஆட்களை விடுவதாகத் தோட்டம் எழுதிக்கொடுக்கும் 'துண்டு' முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்த பின்னரும் லயத்துச் சனம் மறக்கவில்லை. ஆயினும் சபையை நடத்தும் மூப்பருக்குப் பேதுரு சொன்னது என்ன? 'அவலட்சணமான ஆதாயத்திற்காக அல்ல', 'இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல', கண்காணிப்புச் செய்யுங்கள் என்பதுதான் (1 பேதுரு 5:2-3). கங்காணியை அறிந்த சனத்துக்கு உறைப்பதுபோல் இவ்வசனம் வேறெவருக்கும் உறைக்காது. சொல்லை மாற்றினால் அந்த உறைப்பும் போய்விடும்.

தவிரவும், மேற்பார்வையாளர் என்றதும் கட்டட வேலைத்தளத்தில் வரவுக் கொப்பியோடு நிற்கும் சுப்பவைசர்தான் கண்ணில் படுகிறார். அவருக்கு மேலே முகாமையாளர், கீழே வேலையாட்கள். இந்த ஏணியைச் சபைக்குள் சாத்தியதால்தான் மூப்பருக்கு மேலே மேற்பார்வையாளர் என்றொரு தனிப் பதவி முளைக்கிறது. அப்போஸ்தலர் 20இல் பவுல் எபேசுவிலிருந்து அழைப்பித்த மூப்பரையே (வசனம் 17) பின்னர் கண்காணிகள் என்கிறார் (வசனம் 28). மந்தையை மேய்க்கும் வேலையும் அவர்களுடையதே. கத்தோலிக்கர் வழங்கும் 'ஆயர்' அழகான சொல்தான், ஆனால் ஒரு மறைமாவட்டத்துக்கு ஒருவர் என்ற பதவிக்குப் பெயராகிவிட்டதால், பிலிப்பி என்ற ஒரே பட்டணத்தில் பலராக இருந்த கண்காணிகளுக்கு அது பொருந்தாது.

1 பேதுரு 2:25 கிறிஸ்துவையே 'மேய்ப்பரும் கண்காணியுமானவர்' என்கிறது. இங்கே மேற்பார்வையாளர் என்று சொல்ல நம்மவருக்கும் நா எழுவதில்லை. சில ஆங்கில வேதாகமங்கள் இவ்விடத்தில் வேறு சொல்லுக்குத் தாவியிருப்பதைப் பார்த்து, தாமும் 'காவலர்' என்று நழுவிவிடுகிறார்கள்.