அம்மா உயிரோடு இருக்கும் பிள்ளையை அநாதை என்று அழைக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருக்க நேர்ந்தது. மகளின் பிறந்தநாளை முன்னிட்டு ஒருவர் குடும்பத்தோடு வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியாணி கொடுத்தார். வரிசையில் நின்று, கைகூப்பி, மனப்பாடமாக நன்றி சொல்லி முடித்த 9 வயதுச் சிறுவன் ஒருவனை அருகில் அழைத்து, தோளில் கை போட்டு, "உங்க அம்மா எப்படிப்பா இறந்தாங்க?" என்று கேட்டார். சிறுவன் பதில் சொல்லாமல் காப்பாளரின் முகத்தைப் பார்த்தான். அவனுடைய அம்மா இறக்கவில்லை. 40 கிலோமீட்டர் தொலைவில், சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டி ஆலை ஒன்றில் அந்த நேரத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார்.

குழந்தைகள் பாதுகாப்புப் பணிக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் எல்லாரும் நல்ல மனம் கொண்டவர்கள்தாம். ஆனால் அன்றைக்கு அந்தச் சிறுவனின் முகத்தைப் பார்த்த பிறகு, எழுதாமல் இருக்க முடியவில்லை.

இல்லத்தில் இருக்கும் பிள்ளை என்றாலே அநாதை என்ற நினைப்பு நம்மிடையே ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. அது தவறு. நான் கையாண்ட கோப்புகளில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை என்ற பிள்ளைகள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு அம்மா இருக்கிறார். சிலருக்கு இருவருமே இருக்கிறார்கள். பெற்றோர் இல்லையென்றாலும் ஒரு பாட்டியோ சித்தியோ மாமாவோ பெரும்பாலும் இருக்கிறார்கள். கணவர் இறந்துவிட்டார், தனியாக வாடகை கொடுக்க முடியவில்லை. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும்வரை வயதுக்கு வந்த பெண்பிள்ளையை ஒற்றை அறையில் தனியே விட்டுவைக்கப் பயம். கணவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். தாய்க்குக் காசநோய், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இப்படித்தான் பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் காரணத்துக்கான கட்டத்தில் மட்டும் பக்கம் பக்கமாக ஒரே சொல் இருக்கும்: வறுமை. அந்தச் சொல்லைப் படித்துவிட்டுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கிறோமே தவிர, தாயின் வறுமைக்கு என்ன செய்யலாம் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளையை இல்லத்தில் விட்டுச் செல்லும் தாய் அவனைக் கைவிட்டவர் அல்லர். "நல்லாப் படிக்க வைப்பாங்கக்கா" என்ற நம்பிக்கையில் விட்டவர். அவரை நாம் நன்கொடை அறிக்கைகளில் இல்லாதவராக்கிவிடுகிறோம்.

நானும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவள்; இறைப்பணியை இழித்துப் பேச எனக்கு மனம் வராது. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பும், 1901 முதல் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் கொடுத்த அடைக்கலமும், 1905-இல் மயிலாப்பூரில் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லமும் இல்லாதிருந்தால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்க மாட்டார்கள், படித்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு ஏழைத் தாய்க்கு வேறு கதி இல்லை. இன்றைக்கு ரேஷன் கடையில் அரிசி இலவசம்; அரசுத் தொடக்கப் பள்ளியில் காலையிலும் மதியமும் சாப்பாடு உண்டு. தாய்க்கு இப்போது முட்டுப்படுவது வீட்டு வாடகை, மருத்துவச் செலவு, மாலை நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். இவை ஒரு கட்டடத்துக்கு நாம் கொடுப்பதைவிட மிகக் குறைந்த செலவில் தீரக்கூடியவை.

வீட்டில் வைத்தே உதவினால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று சொல்கிறேன். ஒரு பெரிய கிறிஸ்தவ அமைப்பின் மாதாந்திர ஆதரவைப் பெற்று வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி இந்தியா, கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ், பொலிவியா, குவாத்தமாலா ஆகிய 6 நாடுகளில் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. அவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 1 முதல் 1.5 ஆண்டுகள் கூடுதலாகப் பள்ளியில் படித்திருந்தார்கள். பெற்றோரோடும் உற்றாரோடும் சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு ஆதரவு பெறும்படி அமைந்த திட்டம் அது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி இல்லம் என்பது வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டும் எடுக்க வேண்டிய கடைசி முடிவு. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை, இச்சட்டப்படி மாவட்டந்தோறும் அமைந்த குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவராமல் எந்த இல்லமும் தானாக வைத்துக்கொள்ளக் கூடாது; பதிவு இல்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை உண்டு. இதிலிருந்து தப்பிக்க "விடுதி" என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது பற்றி 2007-இல் வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையிலிருந்து தொடங்கிய வழக்கில்தான், எல்லா இல்லங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் உத்தரவிட்டது.

வெளியில் தெரியாத இன்னொரு இழப்பையும் சொல்ல வேண்டும். இல்லத்தில் சேர்ந்த பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையிலிருந்து நீங்கிவிட்டால், பிற்பாடு சாதிச் சான்றிதழுக்கு அலைந்தே ஒரு கல்வியாண்டு போய்விடுகிறது. இல்லத்துக்குச் சொந்தமான தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடம் கிடைக்காது. கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு அரசு தரும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்காமல் போகலாம். நல்ல பள்ளி என்று நம்பிச் சேர்த்த தாய்க்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இல்லங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளேயே வன்கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கும், உண்மையிலேயே யாருமில்லாத பிள்ளைக்கும் பாதுகாப்பான இடம் வேண்டும். அதை அன்போடு நடத்தும் அருட்சகோதரிகளை எனக்குத் தெரியும்.

ஆகவே கொடுக்கப் போகிறவர்களே, கொஞ்சம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். நல்ல நிர்வாகி இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். பாதுகாப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதற்கு 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பெற்றோரைப் பற்றிப் பிள்ளையிடம் தயவுசெய்து கேட்காதீர்கள். நிர்வாகிகளே, பிள்ளையின் பெயரையும் அவன் வீட்டு வழிபாட்டையும் மாற்றாதீர்கள். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு மட்டும் தாயை அனுமதிப்பது ஒழுங்கு அல்ல, கொடுமை.

பங்குத்தந்தையர், ஜமாத் தலைவர்கள், கோயில் அறங்காவலர்கள் ஆகியோரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் ஊரிலிருந்து ஒரு பிள்ளை இல்லத்துக்குப் போகும் முன் அந்த வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையார் வாரந்தோறும் ஏழை வீடுகளுக்குப் போகிறார்கள். ஜமாத்தின் பொதுநிதியான பைத்துல்மால் கைம்பெண்களுக்குப் போகிறது. பிடி அரிசி திரட்டும் பழக்கம் நம் பெண்களுக்குப் புதிதல்ல. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று விசாரித்து, ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கும், தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தின் 2,000 ரூபாய்க்கும் தகுதி இருக்கிறதா என்று பார்த்து, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். கிராம ஊரில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத கைம்பெண்களின் பிள்ளைகள் முதலாவதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. பிள்ளை ஆபத்தில் இருந்தால் 1098-ஐ அழையுங்கள்.

அந்தச் சிறுவன் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. வாடகையில் 1,500 ரூபாயை அவன் ஊர்ப் பங்கின் வின்சென்ட் தே பால் சபையார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தாய் வரும்வரை பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். நேற்று அவன் அம்மா போன் செய்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், பால்காரர் வந்தால்கூட, பையன் எழுந்து நின்று கைகூப்பி நன்றி சொல்கிறானாம். "அவனை எப்படிக்கா நிறுத்தச் சொல்றது?" என்று கேட்டார். திட்ட வேண்டாம், கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.