ஆலைக்குள் சாம்பிள் எடுக்கப் போகிறவர்களுக்கு: இலவசப் பயிற்சியும் சட்டம் தரும் பாதுகாப்பும்

வேதியியலிலோ சுற்றுச்சூழல் அறிவியலிலோ பட்டம் முடித்துவிட்டு மணலி, ராணிப்பேட்டை, கடலூர் பக்கம் தனியார் ஆய்வகத்தில் சேருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் 'ஃபீல்டு' வேலைதான். ஆலையின் கழிவுநீர், புகைபோக்கியில் வரும் புகை, வேலியோரக் காற்று, இரவு இரைச்சல் எல்லாவற்றையும் அளந்து, சாம்பிளைப் பத்திரமாக ஆய்வகம் சேர்க்க வேண்டும். சீனியரோடு நாலு தடவை போய்வந்தால் போதும் என்று அனுப்பிவிடுகிற இடங்கள் உண்டு. அது போதாது. இந்த வேலைக்கு ஒன்றிய அரசின் இலவசப் பயிற்சி இருக்கிறது. ஆய்வகம் தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும் என்ற தர விதியும் இருக்கிறது.

இலவசப் பயிற்சியின் பெயர் பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டம், சுருக்கமாக ஜி.எஸ்.டி.பி. ஒன்றிய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம் 2017இல் 10 மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கியது. அப்போது பாடம் பல்லுயிர்ப் பாதுகாப்பு மட்டுமே. பிறகு நாடு முழுவதும் விரித்தபோது காற்று, நீர், ஒலி, மண் மாசு கண்காணிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்குதல், திடக்கழிவு மேலாண்மை போன்றவையும் சேர்ந்தன. முதலில் என்விஸ் எனப்படும் சுற்றுச்சூழல் தகவல் மையங்கள் மூலம் நடந்தது. இப்போது அவற்றின் இடத்தில் வந்த, சுற்றுச்சூழல் தகவலுக்கும் விழிப்புணர்வுக்குமான இ.ஐ.ஏ.சி.பி. திட்டத்தின் கீழ் வருகிறது. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. கல்வித் தகுதி, கால அளவு இரண்டும் பாடத்துக்குப் பாடம் மாறும்.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். எல்லா மையமும் எல்லாப் பாடமும் நடத்துவதில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையத்தின் துறை கழிமுகமும் அலையாத்திக் காடும், சென்னையில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையத்தின் துறை சூழலியல் மரபு. ஆலை மாசு அளவீடுதான் வேண்டும் என்றால், அந்தப் பாடம் எந்த மையத்தில் அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் வெளிமாநிலத்துக்கும் போகத் தயாராக இருக்க வேண்டும். சான்றிதழ் கிடைத்தால் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நேர்முகத்தில் ஒரு படி முன்னால் நிறுத்தும், அவ்வளவுதான்.

அடுத்தது நீங்கள் சேரும் ஆய்வகத்தின் பொறுப்பு. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், ஆய்வகத் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17025ஐப் பின்பற்றியாக வேண்டும். யாருக்கு எந்த வேலையில் பயிற்சி தரப்பட்டது, யார் மேற்பார்வை செய்தார், எந்த வேலைக்கு அவருக்கு அனுமதி தரப்பட்டது என்பதற்கெல்லாம் பதிவு இருக்க வேண்டும் என்கிறது அந்தத் தரம். புகைபோக்கி அளவீட்டுக்கு உங்கள் பெயரில் அந்த அனுமதிப் பதிவு இல்லாமல் உங்களை மேலே ஏற்றுவது முறையே அல்ல. சேரும்போதே கேளுங்கள். நல்ல ஆய்வகம் ஒரு கோப்பை எடுத்து நீட்டும், மழுப்பினால் புரிந்துகொள்ளலாம்.

இனி பலரும் குழப்பிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். ஆலையில் எடுக்கும் எல்லாச் சாம்பிளும் ஒன்றல்ல. ஆலை தன் இசைவாணை (இயங்குவதற்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி) நிபந்தனைக்காகத் தனியார் ஆய்வகத்தைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வது ஒரு வகை. மாசு கட்டுப்பாட்டு வாரியம் சட்டப்படி எடுப்பது வேறு. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், பிரிவு 21 சொல்வது இது: வாரியமோ அது அதிகாரம் அளித்த அலுவலரோ எடுக்கும்போது, ஆய்வுக்காக எடுக்கிறோம் என்ற நோட்டீஸை அந்த இடத்திலேயே ஆலைப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும், அவர் முன்னிலையில் சாம்பிளை இரண்டு பங்காக்கி, கலன்களில் அடையாளமிட்டு முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், ஒரு பங்கு தாமதமின்றி ஆய்வகத்துக்குப் போக வேண்டும், ஆலை கேட்டால் மற்றப் பங்கு சட்டம் குறிப்பிடும் இன்னொரு ஆய்வகத்துக்கு. ஆலைக்காரர் வேண்டுமென்றே வராமல் இருந்தால் அதற்கும் வழி சொல்லியிருக்கிறது. இந்த முறையை மீறி எடுத்த சாம்பிளின் முடிவு நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏறாது. காற்றுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 26 இதைப் போன்ற நடைமுறையைச் சொல்கிறது. ஆகவே ஜி.எஸ்.டி.பி. சான்றிதழைக் காட்டி யாரும் ஆலைக்குள் நுழைந்து கேனை நிரப்ப முடியாது. சான்றிதழ் திறமைக்கு அத்தாட்சி. அதிகாரம் சட்டம் தருவது.

கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தாலும் கேனுக்குள் இருப்பது கெட்டுப்போனால் எல்லாம் வீண். எந்தப் பயிற்சியிலும் நான் முதலில் பார்ப்பது சாம்பிளைப் பாதுகாக்கும் பாடம் எவ்வளவு நேரம் நடத்துகிறார்கள் என்பதைத்தான். பி.எச்., வெப்பநிலை இரண்டையும் அங்கேயே அளந்துவிட வேண்டும். சி.ஓ.டி.க்கு (வேதி ஆக்ஸிஜன் தேவை) எடுத்ததில் கந்தக அமிலம் விட்டு பி.எச்.சை 2க்குக் கீழே இறக்க வேண்டும். உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலம். சயனைடுக்கு நேர்மாறாகக் காரம். எண்ணெய்ப் பசைக்குக் கண்ணாடி பாட்டில், அதையும் தனியாக எடுக்க வேண்டும். ஒரே கேனில் எடுத்துப் பிறகு பங்கு பிரித்தால் எண்ணெய் கேனின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிடும்.

தோல் பதனிடும் ஊர்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. உலோகம்தானே என்று, குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான பாட்டிலிலும் பழக்கதோஷத்தில் நைட்ரிக் அமிலம் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கழிவுநீரில் உள்ள கரிமப் பொருள்களோடு அமிலமும் சேர்ந்தால் அந்தக் குரோமியம் மூன்று இணைதிறன் வடிவுக்கு மாறிவிடும். ஆற்றிலோ ஓடையிலோ விடும் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆறு இணைதிறன் வடிவம் என்றால் 0.1 தான். ஒரு சொட்டு அமிலத்தால் விதிமீறல் காகிதத்தில் காணாமல் போய்விடும், யாரும் பொய் சொல்லாமலேயே.

காற்றுக்கு வருவோம். 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் தரநிலை 12 மாசுகளைச் சொல்கிறது. நுண்துகளான பி.எம். 2.5க்கு 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், பி.எம். 10க்கு 100. காற்றை உறிஞ்சும் கருவியின் வடிதாளை, கருவி ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நிலையில் எடை போட வேண்டும், காற்றோட்ட அளவை அவ்வப்போது குறிக்க வேண்டும், நடுவில் கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் நின்றது என்று மறைக்காமல் எழுத வேண்டும். இரைச்சலில் சிக்கல் குறைவு: தொழிற்பேட்டைப் பகுதியில் பகலில் 75 டெசிபல், இரவில் 70, இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை.

உயிர் போகும் இடங்கள் இரண்டு: புகைபோக்கி மேடையும் கழிவுநீர்த் தொட்டியும். தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாத்தம் இல்ல, இறங்கலாம்' என்ற பேச்சு அதனால்தான் ஆபத்து. வாயு அளக்கும் கருவி இல்லாமல், வெளியே ஆள் நிற்காமல், எழுத்தில் பர்மிட் இல்லாமல் உள்ளே இறங்கக் கூடாது. இறங்காமல் பக்கத்தில் நின்றாலும் ஆபத்து உண்டு: 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, அருகே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் இங்கே துணைக்கு வருகிறது. நியமனக் கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை. பாதுகாப்புக்காகத் தரும் எதற்கும், மருத்துவப் பரிசோதனை உட்பட, தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஹெல்மெட்டுக்கும் ஹார்னஸுக்கும் சம்பளத்தில் பிடித்தால் அது தவறு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் முதலாளியிடம் நேரடியாகவோ பாதுகாப்புக் குழு மூலமாகவோ சொல்லலாம், அரசு ஆய்வாளர் காதிலும் போடலாம். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பினாலும் பின்னால் உதவும். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடைக்காது.

இந்தத் துறையில் மேலே போக நினைப்பவர்களுக்குப் புதுக் கதவு ஒன்று: 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள். ஆலைகள் சுற்றுச்சூழல் சட்டங்களைப் பின்பற்றுகின்றனவா என்று தணிக்கை செய்யத் தனியார் தணிக்கையாளர்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு இது. எந்தத் தணிக்கையாளர் எந்த ஆலைக்கு என்பதை ஆலை தேர்ந்தெடுக்க முடியாது. குலுக்கல் போன்ற முறையில்தான் ஒதுக்குவார்கள். வாரியத்தின் ஆய்வு அதிகாரம் அப்படியே இருக்கும். தணிக்கையாளராகச் சான்று பெற இரண்டு வழி: தேசியத் தேர்வு எழுதுவது, அல்லது ஏற்கெனவே பெற்ற தகுதியையும் அனுபவத்தையும் காட்டி அங்கீகாரம் பெறுவது. இரண்டாவது வழிக்கு அனுபவம் காகிதத்தில் இருக்க வேண்டும். வேலை மாறும்போது வெறும் 'பணிபுரிந்தார்' என்ற சான்று வாங்காமல், எந்த வகை அளவீடு, எந்தத் துறை ஆலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.