விஷனரி: தொலைநோக்குப் 'பார்வையாளர்' என்னத்தைப் பார்க்கிறார்?

ஒரு கம்பெனியைத் தொடங்கியவரைப் பற்றித் தமிழில் எது வந்தாலும், மொழிபெயர்த்த செய்தியோ மேடை அறிமுகமோ, மூன்றாவது வரிக்குள் 'தொலைநோக்குப் பார்வையாளர்' வந்து உட்கார்ந்துவிடுகிறார். விஷனரி என்ற சொல்லுக்கு இதுதான் தமிழ் என்று எப்போதோ யாரோ எழுதிவிட்டார்கள், மற்றவர்கள் அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது தப்பான சொல்லாகத்தான் படுகிறது.

வேர்க்கதை சுருக்கமானது. காண்பது என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து விஷன், அதிலிருந்து விஷனரி. ஆங்கிலத்தில் நெடுங்காலம் இது பாராட்டாக இருக்கவில்லை. இல்லாததைக் கண்டதாகச் சொல்பவர், நடக்காத திட்டம் போடுபவர் என்று கேலியாகவே வழங்கியது. மாலை மரியாதையெல்லாம் பின்னால் வந்தவை.

சரி, நம்முடைய சொல்லுக்கு வருவோம். நோக்கு என்றாலே பார்வைதான். தொலைநோக்குப் பார்வை என்பது நடுசென்டர், கேட்டுவாசல் வகை. நோக்கு என்பதற்குக் குறிக்கோள் என்றும் பொருள் உண்டே, அப்படிக் கொண்டால் கூறியது கூறல் ஆகாதே என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும், அந்த ஒரு குற்றத்தை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது பின்பாதி. 'ஆளர்' என்ற விகுதி மேல் எனக்குக் கோபமில்லை, எழுத்தாளரும் தொழிலாளரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் பார்வையாளர் என்ற சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. கிரிக்கெட் மைதானத்தில் மாடத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்வையாளர். ஆஸ்பத்திரியில் 'பார்வையாளர் நேரம்' என்று போர்டு இருக்கும். தேர்தல் வந்தால் வெளிமாநிலத்திலிருந்து அதிகாரிகள் பார்வையாளர்களாக வருவார்கள். மூவருக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: பார்க்கலாம், வேலையில் கை வைக்கக் கூடாது. கம்பெனி நிறுவியவருக்குப் போய் இந்தப் பட்டத்தைக் கொடுத்தால், அவர் தூரத்திலிருந்து வேடிக்கை பார்த்தவர் என்றல்லவா ஆகிறது?

டாட்டா குழுமத்தை நிறுவிய ஜாம்செட்ஜி டாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பையில் மில் வைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், பருத்தி விளையும் இடத்துக்கும் ரயிலுக்கும் பக்கம் என்று நாக்பூருக்குப் போய் 1877இல் எம்ப்ரஸ் மில்லைத் திறந்தார். மற்றவர்கள் பழைய நூற்பு எந்திரத்தையே கட்டிக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த வளையக் கதிரை (ரிங் ஸ்பிண்டில் என்ற நூற்பு எந்திரம்) முதலில் தன் மில்லில் ஓட்டிப் பார்த்தார். இரும்பாலைக்காக அமெரிக்காவுக்கே போய்ப் பொறியாளரைப் பிடித்துவந்தார். 1904இல் இறந்துவிட்டார். டாட்டா இரும்பு நிறுவனம் பதிவானது 1907இல், முதல் எஃகு வந்தது 1912இல். பெங்களூரு அறிவியல் கழகம் 1909இல். இரண்டையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை! அவரைப் போய்ப் 'பார்வையாளர்' என்கிறோம். அவர் கணித்ததெல்லாம் பலித்துவிடவும் இல்லை, பெரிய ஆங்கிலக் கப்பல் கம்பெனியோடு கட்டண விஷயத்தில் மோதி அவர் தொடங்கிய கப்பல் தொழில் சீக்கிரமே மூடிவிட்டது. தொலைநோக்கு என்பது தவறாத ஜோசியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜோசியம் என்றதும் தீர்க்கதரிசி ஞாபகம் வருகிறது. தீர்க்கம் என்றால் நெடிது, தரிசி என்றால் காண்பவர். உறுப்பு உறுப்பாகப் பிரித்தால் விஷனரிக்கு ரொம்பக் கிட்டத்தில் வரும் சொல் இதுதான். வடசொல் என்று ஒதுக்குபவர்கள் ஒதுக்கட்டும், என் ஆட்சேபம் அது இல்லை. விவிலியத் தமிழ் அந்தச் சொல்லைக் கடவுளின் வாக்கை எடுத்துச் சொல்பவருக்கு என்று எழுதிக்கொடுத்துவிட்டது. தீர்க்கதரிசியிடம் யாரும் வரவுசெலவுக் கணக்குக் கேட்பதில்லை. நிறுவனரிடம் கேட்டே ஆகவேண்டும். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் தெரனோஸ் இருக்கிறது. எலிசபெத் ஹோம்ஸ் 19 வயதில் 2003இல் தொடங்கிய கம்பெனி. விரல் நுனியில் எடுத்த சில சொட்டு ரத்தத்தில் எக்கச்சக்கமான பரிசோதனைகள் செய்துவிடலாம் என்றார். கழுத்தை மூடும் கறுப்புச் சட்டை போட்டால் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் மாதிரியே இருந்தது, பத்திரிகைகள் விஷனரி என்று கொண்டாடின, ஒரு கட்டத்தில் கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர். எந்திரம் சொன்னபடி வேலை செய்யவில்லை. 2022இல் மோசடி நிரூபணமாகி 11 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை. இல்லாததைக் கண்டவர் என்ற பழைய ஆங்கிலப் பொருள் அங்கே அச்சாகப் பொருந்துகிறது.

'கனவு காண்பவர்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது டிரீமர். வேறு சொல், வேறு ஆள்.

அப்படியானால் எதைத்தான் எழுதுவது? குறளில் ஒன்று இருக்கிறது: "அறிவுடையார் ஆவ தறிவார்". பின்னால் ஆகப்போவதை முன்பே அறிகிறவர், அதாவது ஆவதறிவார். அழகான சொல், எனக்கு ஆசையும் உண்டு, ஆனால் ஒரு தொழில் செய்தியில் 'ஆவதறிவார் இன்று புதிய ஆலையைத் திறந்துவைத்தார்' என்று போட்டால் வாசகர் அதை யாரோ ஒருவருடைய பெயர் என்று நினைப்பார். இலங்கையில் விஷனைத் தூரநோக்கு என்கிறார்கள், பள்ளிச் சுவர்களில் பணிக்கூற்றுக்கு, அதாவது மிஷனுக்கு, பக்கத்தில் எழுதியிருக்கும். பார்வையைச் சேர்க்காமல் நோக்கோடு நிறுத்திக்கொண்டதற்கே அவர்களைப் பாராட்டலாம். நாமும் தொலைநோக்கோடு நிறுத்தலாமே. ஆளைக் குறிக்க வேண்டுமென்றால் தொலைநோக்காளர், சொற்றொடரில் வந்தால் தொலைநோக்குள்ள நிறுவனர். நடுவிலிருக்கும் பார்வையைப் பிடுங்கிவிட்டால் வேலை முடிந்தது. (நிறுவனரா நிறுவுநரா என்று யாராவது கிளப்புவார்கள். நிறுவனத்துக்கு உரியவர் நிறுவனர் என்று சொல் ஊன்றிவிட்டது, விட்டுவிடுங்கள். இயக்குநரை இயக்குனர் என்று எழுதுவதைத்தான் திருத்த வேண்டும்.)

இன்னொன்று, பல இடங்களில் இந்தப் பட்டமே தேவையில்லை. ஆங்கிலச் செய்திக்குறிப்பில் ஒட்டியிருக்கும் அடைமொழி ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு தொப்பி தைத்தாக வேண்டும் என்று நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. 'ஊரே மும்பையில் மில் கட்டியபோது நாக்பூருக்குப் போனவர்' என்று எழுதினால் தொலைநோக்கு தானாகத் தெரிந்துவிடும். அதை எழுத அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், அங்கேதான் சிக்கல். அடைமொழியைப் பெயர்த்துவிட்டு அடுத்த பத்திக்குப் போவது சுலபம். அந்த அடுத்த பத்தியில் டிஸ்ரப்டிவ் இன்னொவேஷனுக்குத் தமிழாக 'இடையூறு விளைவிக்கும் புத்தாக்கம்' காத்திருக்கும், ஏதோ ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைத்ததற்காகப் போலீஸில் கொடுத்த புகார் மாதிரி. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.