குருசடியில் விழுந்த ஓட்டை

"எங்கள் படகுக்குச் சாபம் ஏதும் பிடித்திருக்குமா, சார்?" என்று குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்பவரிடம் அவருடைய அப்பா என்றோ வாங்கிய அலுமினியப் படகு. அப்பா இருந்தவரை ஒரு சொட்டுக் கசியவில்லையாம். அவர் போன பிறகு பெயிண்ட் அடித்து, அணியத்தில் (படகின் முன்முனையில்) பித்தளைக் குருசு (சிலுவை) ஒன்றைப் பதித்து, சாமியாரைக் கொண்டு மந்திரித்துக் கடலில் இறக்கினார்கள். மூன்றாம் ஆண்டு அதே குருசின் அடியில் ஓட்டை. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

சாபமெல்லாம் இல்லை என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் வள்ளமும் பைபர் படகுமாகக் கிடக்கும் நம் கரையில் அலுமினியப் படகு என்றதும் இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

முதலில் இது எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய படகாக இருந்தால், பின்பலகையின் வலப்பக்கத்தில் 12 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளம் பொறித்திருக்கும். முதல் மூன்றும் கட்டியவரைச் சொல்லிவிடும். அங்கே போர் விமானம் செய்துகொண்டிருந்த கிரம்மன் நிறுவனம், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அதே தகடு, அதே ரிவெட் கைப்பழக்கத்தில் சிறு படகு செய்யத் தொடங்கியது. இந்தப் படகுக்கோ பின்பலகையே இல்லை. இரண்டு முனையும் கூர். இரண்டிலும் கனத்த தூக்குக் கொக்கி இருந்த தடம். இருக்கைக்கு அடியில் மூடிய காற்றுப் பெட்டிகள். சந்தேகத்தோடு அணியத்துப் பெயிண்டைச் சுரண்டினேன். நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் ஆரஞ்சு, ஆரஞ்சின் மேல் கறுப்பில் நான்கு ஆங்கில எழுத்துகள். கப்பலின் பெயரையும் அது பதிவான துறைமுகத்தையும் உயிர்காப்புப் படகின் அணியத்தில் எழுத வேண்டும் என்பது சர்வதேச விதி. கப்பலை உடைத்துவிட்டார்கள், அதன் உயிர்காப்புப் படகு இங்கே சாளை பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது, எந்தக் கலப்பு உலோகம். 1906-இல் ஆல்பிரட் வில்ம் கண்டுபிடித்த டியூராலுமின் என்ற அலுமினியக் கலப்பில் சுமார் 4 சதவீதம் செம்பு. விமானத்துக்கு அருமை, கடலுக்கு ஆகாது. கடலுக்கு மக்னீசியம் கலந்த வகை வேண்டும். சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு காஸ்டிக் சோடாக் கரைசல் விட்டால் போதும் (கையுறை முக்கியம்). செம்பு இருந்தால் கறுத்துவிடும். எங்களுக்குக் குமிழி வந்தது, கழுவினால் வெள்ளை. மக்னீசியம் வகையாகத்தான் இருக்க வேண்டும்.

இனி ஓட்டைக்கு வருகிறேன். அலுமினியத்தைச் சாது என்று நினைக்கிறோம். உண்மையில் ஆக்சிஜனைக் கண்டால் இரும்பைவிட வேகமாகப் பாய்ந்து பிடிக்கும் உலோகம் அது. பிடித்ததும் மேலே ஓர் ஆக்சைடு படலம் உண்டாகிறது. சில நானோமீட்டர் கனம்தான், ஆனால் இரும்புத் துருவைப்போல உதிராமல் ஒட்டிக்கொள்ளும். கீறினால் அந்தக் கணமே புதுப் படலம். படகு மிதப்பதே இந்தத் தோலை நம்பித்தான்.

உப்புநீரில் உள்ள குளோரைடு இந்தத் தோலின் நலிந்த இடத்தைத் தேடிப் பிடித்து நுழைகிறது. ஊசிமுனை அளவுக் குழி. உள்ளே கரையும் அலுமினிய அயனி நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். அமிலம் இன்னும் அலுமினியத்தைக் கரைக்கும். மின்சுமையைச் சமன்செய்ய வெளியிலிருந்து மேலும் குளோரைடு உள்ளே வரும். வெளியே கடல்நீர் சற்றே காரமாக இருக்க, குழிக்குள் புளித்தண்ணீர்போல அமிலம்! படகின் பக்கத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் பொடி, இந்தக் குழியின் மூடி.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். குழி ஆழமாக ஆக, அயனிகள் போய்வர வேண்டிய தூரம் கூடுகிறது. மூடியும் இறுகுகிறது. குழி தன் மூச்சைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஆழம் காலத்தின் கனமூலத்தை ஒட்டித்தான் வளர்கிறது, அதாவது ஆழம் இரட்டிக்க எட்டு மடங்கு காலம் வேண்டும் என்பது அளந்து கண்ட கணக்கு. ஐந்து ஆண்டில் அரை மில்லிமீட்டர் போனது என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் போக நாற்பது ஆண்டாகும். அலுமினியப் படகு இளமையில் தப்பித்தால் கிழவயது வரை ஓடுவது இதனால்தான்.

இப்படியொரு கணக்கைப் பிடிக்கத் தகடுகளை நீரில் தொங்கவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. இப்படி உலோகம் அரிக்கப்படும் அரிமானத்தை ஆராய நம் வீட்டு வாசலிலேயே இடம் இருக்கிறது. ஆனால் மூன்றாண்டுத் திட்டத்துக்கு மேல் பணம் தர யோசிக்கும் காலத்தில், "தகடு இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறது" என்று அறிக்கை எழுதுகிறவருக்கு யார் நிதி நீட்டிப்பார்கள்? எனக்கு இதில் தீராத எரிச்சல் உண்டு.

கனமூலக் கணக்கு ஓரிடத்தில் செல்லாது: செம்போ பித்தளையோ தொடும் இடத்தில். இரண்டு உலோகம், நடுவே உப்புநீர். பள்ளியில் செய்த மின்கலம்தான். பித்தளை அலுமினியத்திடமிருந்து எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டே இருக்கும், அலுமினியம் கரைந்துகொண்டே இருக்கும். பெரிய படகில் சின்னக் குருசு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். முழுக்க மூழ்கியிருந்தால் அந்த மின்னோட்டம் தகடு முழுக்கப் பரவி, எங்கும் பெரிதாகக் கடிக்காது. அணியத்தில் இருப்பதோ அலை தெறித்த மெல்லிய ஈரம். அதன் வழியே மின்னோட்டம் வெகுதூரம் போகாது. முழுப் பசியையும் பக்கத்து ஓர் அங்குலத்திலேயே தீர்த்துக்கொள்ளும். குருசைக் கழற்றியபோது, அதன் வடிவத்திலேயே தகடு குழிந்திருந்தது.

இருக்கைப் பலகைக்கு அடியிலும் அதே வெள்ளைப் பூ. மரைன் பிளைவுட்டைப் பூஞ்சைக்குத் தப்பச் செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்துவார்கள். நல்ல பலகை என்று நம்பிப் போட்டதே வினை. பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் செம்புப் பெயிண்டும் அப்படித்தான். வெள்ளைப் பொடியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. காரம் படலத்தையே கரைத்துவிடும், வேண்டாம்.

பழுது பார்ப்பது நேரடி வேலை. படகைக் கரையில் முட்டுக் கொடுத்து, உள்ளே முழங்கால் அளவு நல்ல தண்ணீர் நிரப்பி, வெளியே சொட்டும் ரிவெட்டுகளைச் சாக்பீஸால் வட்டமிட்டோம். பதினொன்று. ஒருவர் உள்ளே இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் வெளியே தட்டினால் பெரும்பாலும் இறுகிவிடும். ஓட்டைக்கு அதே வகைத் தகட்டில் ஒட்டு, இடையே பாலியூரத்தேன் பசை, புது ரிவெட். வெல்டிங் வேண்டாம் என்றேன். சூட்டில் பக்கத்து ரிவெட்டுகள் தளரும். அடிப்பக்கம் ஒரு துத்தநாகக் கட்டி, படகுக்குப் பதில் அது கரையட்டும். நீருக்கு மேலே இருக்கும் குருசுக்கு அது உதவாது.

"அப்போ குருசை வைக்கக்கூடாதா?" என்றார் வாசகரின் அம்மா. வைக்கலாம், தொடாமல் வைக்க வேண்டும் என்றேன். உள்ளே போய் ஒரு பழைய சைக்கிள் டியூபை வெட்டிக்கொண்டு வந்தார். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், கரி கலந்த கறுப்பு ரப்பரை இந்த வேலைக்கு நம்ப முடியாது. கடைசியில் அவருடைய காய்கறி நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் ஒரு துண்டை அறுத்து அடியில் கொடுத்து, நைலான் போல்ட் போட்டு முடுக்கினோம். குருசு இப்போது முன்பைவிட அரை அங்குலம் உயர்ந்து நிற்கிறது.