அமைச்சர் பதில் சொல்லிவிட்டார், சரி, எந்தக் கேள்விக்கு?

ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மா, நான்காக மடித்த ஒரு தாளை என் மேசையில் விரித்து வைத்தார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்திருக்கிறார். வெளியுறவு அமைச்சகம், மக்களவை, நட்சத்திரக் குறியிடாத கேள்வி என்று ஆங்கிலத்தில் தலைப்பு. "கவர்மெண்டு பதில் சொல்லிருச்சாம் தம்பி. எம் மவன் எப்ப வருவான்னு இதுல எங்க போட்டிருக்கு?"

மீன்பிடிக்கப் போன அவர் மகன் இலங்கைக் காவலில் இருந்தான். எப்போது வருவான் என்று தாளில் எங்கும் போட்டிருக்கவில்லை. இந்திய மீனவர்களின் பாதுகாப்புக்கும் நலனுக்கும் அரசு மிக உயர்ந்த முன்னுரிமை தருகிறது, கைது பற்றிய தகவல் வந்ததும் தூதரக வழியாக உடனே பேசுகிறது, இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு இருக்கிறது. அவ்வளவுதான். இதில் பொய் எதுவும் கிடையாது. அவருக்குப் பயன்படுகிற சொல்லும் எதுவும் கிடையாது.

ஒரு மக்களவை உறுப்பினரின் அலுவலகத்தில் கேள்விகள் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. பதினோரு வருடமாயிற்று. வெளியுறவு அமைச்சகத்தின் பதில்களை நூற்றுக்கணக்கில் வாசித்திருப்பேன். நாடாளுமன்றத்தில் அமைச்சர் பதிலளித்தார் என்று செய்தி வந்ததும் ஊரில் நம்பிக்கை துளிர்க்கிறது, அல்லது கோபம் வருகிறது. இரண்டுக்கும் முன்னால் அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வழிமுறை, சுருக்கமாக. மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரம் இருந்தால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் இரண்டு துணைக் கேள்விகள் போடலாம், பிறகு மற்றவர்களும் கேட்கலாம். இல்லாவிட்டால் எழுத்துப் பதில் அவையில் வைக்கப்படும், அத்தோடு சரி. கேள்வியை 15 நாள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். யார் கேள்வி மேலே வரும் என்பது குலுக்கலில். வெளியுறவு அமைச்சகத்தின் முறை சமீப ஆண்டுகளில் மாநிலங்களவையில் வியாழன், மக்களவையில் வெள்ளி. அந்த 20 கேள்விகளிலும் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறுதான் வாய்மொழியாக வரும். அமளி நடந்தால் அதுவும் இல்லை.

ஆக, உங்கள் கைக்கு வருகிற பதில் தாள்களில் பெரும்பாலானவை எவரும் எழுந்து நின்று சொல்லாதவை. பதிலளிப்பவர் என்று போட்டிருக்கும் பெயர் பல நேரம் இணையமைச்சருடையது. அதனால் மதிப்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம். தாளில் வருவதும் அவைக்குச் சொன்னதுதான். தவறு இருந்தால் சபாநாயகரின் வழிகாட்டுதல் 115ஐக் காட்டி உறுப்பினர் சுட்டலாம், அமைச்சர் திருத்த அறிக்கை தர வேண்டி வரும். பத்திரிகையாளர் சந்திப்பில் சொன்னதற்கு இந்தக் கடிவாளம் இல்லை. அமைச்சர் நேரில் நிற்பதன் அருமை பிரிட்டனில் அண்மையில் தெரிந்தது. டேவிட் கேமரன் 2023 நவம்பரில் வெளியுறவு அமைச்சரானபோது பிரபுக்கள் அவை உறுப்பினர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையில் அவரை நிறுத்திக் கேட்க வழியில்லாமல் துணையமைச்சர்தான் எழுந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி தாளுக்கு வருவோம். கேள்வி எப்போதும் (அ), (ஆ), (இ) என்று பிரித்துப் போடப்பட்டிருக்கும். பதிலைப் பாருங்கள். '(அ) முதல் (உ) வரை' என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால் உடனே ஒரு பென்சிலை எடுங்கள். கேள்வியின் ஒவ்வொரு பகுதிக்கும் பதிலில் எந்த வரி பொருந்துகிறது என்று கோடு போட்டு இணையுங்கள். கோடு எட்டாத பகுதிதான் செய்தி. ஐந்து கேள்விக்கு ஒரு பத்தி பதில் என்றால் அதில் குறைந்தது இரண்டு நழுவியிருக்கும், கிட்டத்தட்ட எப்போதும் எண்ணிக்கை கேட்ட பகுதியும் தேதி கேட்ட பகுதியும்.

இதற்கு அமைச்சகத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நான் சேர்ந்த புதிதில் 'இலங்கைக் கடற்படையின் தொடரும் அட்டூழியத்தைத் தடுக்க அரசு தவறியது ஏன்' என்று சூடாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். நிற்கவில்லை. மக்களவை விதி 41 வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு எதுவும் கேள்வியில் வரக்கூடாது என்கிறது. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகச் சுட்டக் கூடாது என்றும் தனியாக ஒரு நிபந்தனை. 150 சொல்லுக்கு மேல் போகவும் கூடாது. எழுதுமுன் விதியைப் படிக்காதது என் பிழை. அந்தக் கூட்டத்தொடரில் எங்கள் தொகுதி மீனவர் பற்றி ஒரு கேள்வியும் போகாமல் போனது.

அடுத்த தடவை எதிர்த் திசையில் சறுக்கினேன். 'கைதுகள் அரசின் கவனத்துக்கு வந்துள்ளனவா. ஆம் எனில் விவரம் என்ன. எடுத்த நடவடிக்கைகள் என்ன' என்று பணிவாக எழுதினேன். டெல்லியில் பாதிக் கேள்விகள் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. அச்சில் வார்த்த கேள்விக்கு அச்சில் வார்த்த பதில்: மிக உயர்ந்த முன்னுரிமை. அந்த அம்மா கொண்டுவந்த தாளும் இந்த வகைக் கேள்விக்கு வந்த பதில்தான். நல்லவேளை, நான் எழுதியதில்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன், எழுதியிருக்கவும் கூடும்.

வழக்கமாக வரும் சில வாக்கியங்களுக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டும். 'பல நாடுகளில் தனியுரிமைச் சட்டம் கடுமையாக இருப்பதால், கைதி சம்மதித்தால் ஒழிய உள்ளூர் அதிகாரிகள் விவரம் தருவதில்லை' என்பது ஒன்று. வெளிநாட்டுச் சிறைகளில் இருக்கும் இந்தியர்கள் பற்றிய பதில்களில் தவறாமல் வரும். 2025 மார்ச்சில் மாநிலங்களவையில் தந்த பதிலில் மொத்தம் 10,152 பேர், மரண தண்டனை பெற்றவர்கள் 49 பேர், அதில் ஐக்கிய அரபு அமீரகத்தில் மட்டும் 25 என்று இருந்தது. தனியுரிமை வாக்கியத்தையும் எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். தூதரகத்துக்குத் தெரிய வந்தவர்களின் எண் இது. பெயர் தரச் சம்மதிக்காதவர், தூதரகத்தைக் கேட்கத் தெரியாதவர் கணக்கில் வந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை உள்ளே இருந்தால் தூதரக அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று அவர் வாயால் கேட்கச் சொல்லுங்கள். போனில் ஒரு நிமிடம் கிடைத்தாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, 'விஷயம் உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது'. கச்சத்தீவு பற்றி எப்படிக் கேட்டாலும் 1974, 1976 ஒப்பந்தங்கள், அவற்றின்படி தீவு கடல் எல்லைக்கோட்டின் இலங்கைப் பக்கம் இருக்கிறது, வழக்கு நிலுவையில் என்று மூன்று வரி வரும். ஆட்சி மாறியபோதும் வரி பெரிதாக மாறவில்லை. 2015 ஜனவரியில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்கு இதே அமைச்சகம், அந்தப் பகுதியின் எல்லை அதற்கு முன் வரையறுக்கப்படாததால் நிலத்தைப் பெற்றதாகவோ கொடுத்ததாகவோ ஆகாது என்ற பொருளில் எழுதியது. 2024 ஏப்ரல் 1 அன்று, தேர்தல் நேரத்தில், அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியாளர்களிடம் முந்தைய ஆட்சிகள் தீவின் மீது அக்கறை காட்டவில்லை என்றார். 20 ஆண்டுகளில் 6,184 மீனவர்கள் பிடிபட்டதாகவும் 1,175 படகுகள் பறிபோனதாகவும் சொன்னதும் அங்கேதான். மேடைக்கு ஒரு பேச்சு, அவைக்கு மூன்று வரி. எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால், நான் மூன்று வரியைத்தான் கோப்பில் வைப்பேன்.

சொல்லாமல் விடுவதுதான் பதில்களின் குணம் என்று இத்தனை சொன்னேன். துணைக் கேள்வி வந்தால் கதை வேறு. அமைச்சகத்தில் ஒவ்வொரு நட்சத்திரக் கேள்விக்கும் துணைக் கேள்விக் குறிப்பு என்று தடியாக ஒரு கட்டு தயாரிப்பார்கள்; அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதி அனுப்பத் தயாராக இருப்பார்கள். எழுத்துப் பதிலில் நுழையாத விவரம் அந்தக் கட்டில் இருக்கும். 2025 மார்ச் 27 அன்று மாநிலங்களவையில் நடந்தது நல்ல உதாரணம். இலங்கைக் காவலில் முந்தைய நாள் வரை 86 பேர், இன்று ஒரு விசைப்படகு பிடிபட்டதில் 11 பேர் கூடி 97 என்றார் ஜெய்சங்கர். இவர்களில் 83 பேர் தண்டனை அனுபவிக்கிறார்கள், 3 பேர் விசாரணைக்குக் காத்திருக்கிறார்கள். இலங்கையின் 1996 மீன்வளச் சட்டத்தையும் வெளிநாட்டுப் படகுகள் பற்றிய 1979 சட்டத்தையும் 2018லும் 2023லும் திருத்தி, அபராதத்தையும் சிறைக் காலத்தையும் கூட்டிவிட்டார்கள். பிடிபட்டவர்களில் பலர் படகு உரிமையாளர், ஓட்டுநர், அல்லது மறுபடி பிடிபட்டவர் என்பதால் விடுவிப்பது சிக்கலாகிறது என்றும் சொன்னார்.

இதில்தான் அந்த அம்மாவுக்கு விடை இருந்தது. "உங்க மவன் போட்டுல என்ன வேலைம்மா?" என்று கேட்டேன். "டிரைவரு" என்றார். மற்றவர்களை இரண்டு வாய்தாவில் விட்டுவிட்டார்கள், அவனை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். சாமி குத்தம் வரைக்கும் போயிருக்கிறது. படகு ஓட்டியவரைச் சட்டமே வேறாக நடத்துகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த தாளில் அது இல்லை. இன்னொரு அவையில், இன்னொரு நாள், யாரோ ஒருவர் போட்ட துணைக் கேள்விக்கு வந்த பதிலில் இருந்தது. நாடாளுமன்ற இணையதளத்தில் அன்றைய அவை நடவடிக்கைப் பதிவு கிடைக்கும். பதில் தாள்கள் வெளியுறவு அமைச்சகத்தின் தளத்திலும் தேதிவாரியாக இருக்கின்றன. செலவில்லை, தேடத்தான் வேண்டும்.

அமைச்சர் தானாக முன்வந்து அறிக்கை படிக்கும் நாளையும் கவனியுங்கள். அமெரிக்கா 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் அமிர்தசரஸுக்கு அனுப்பிய மறுநாள், 2025 பிப்ரவரி 6 அன்று, மாநிலங்களவையில் ஓர் அறிக்கை வந்தது. 2009ல் 734 பேர், 2019ல் 2,042 பேர் என ஆண்டுவாரியாகப் பட்டியல். கைவிலங்கு பற்றிக் கேட்டார்கள், 2012 முதல் அந்த நடைமுறை இருக்கிறது என்றார். மாநிலங்களவையில் அறிக்கைக்குப் பின் விளக்கம் கேட்கும் வழக்கம் உண்டு. மக்களவையில் விதி 372ன்படி அப்போது ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. அறிக்கையை எந்த அவையில் முதலில் படிக்கிறார்கள் என்று பார்ப்பது என் கெட்ட பழக்கங்களில் ஒன்று.

குடும்பத்தில் யாராவது வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் எம்.பி.யிடம் ஓடி வருவது இயல்பு. வாருங்கள். ஆனால் நாடாளுமன்றக் கேள்வி ஒரு ஆளை மீட்பதற்கான கருவி இல்லை. கூட்டத்தொடர் நடக்காத மாதங்கள் ஆண்டில் பாதிக்கு மேல். முதல் வேலை, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதிந்து எண் வாங்குவது. கடவுச்சீட்டு நகல், விசா நகல், முதலாளி பெயர், கடைசியாகப் பேசிய தேதி ஆகியவற்றோடு பதியுங்கள். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் ஒரு நகல். மீனவர் என்றால் படகின் பதிவு எண், கரையை விட்டுக் கிளம்பிய நேரம், மீன்பிடி அனுமதி டோக்கன் விவரத்தோடு மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகம்; அங்கிருந்துதான் அது டெல்லிக்கும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் நம் துணைத் தூதரகத்துக்கும் போகிறது. அந்த எண்ணோடு வந்தால் எம்.பி. அமைச்சருக்கு எழுதும் கடிதத்துக்கு எடை கூடும். எண் இல்லாத கடிதத்துக்கு வருகிற பதில், 'மதத் தளத்தில் பதியவும்'. அதற்கே மூன்று வாரம் போய்விடும்.

பதிலில் 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் சேகரிக்கப்படுகிறது' என்று இருந்தால் அதைச் சாக்கு என்று தூக்கிப் போடாதீர்கள். அவை உறுதிமொழிகள் என்று கணக்கில் வரும் சொற்கள். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இரு அவைகளிலும் இருக்கிறது. தாளின் எண்ணையும் தேதியையும் குறித்து உங்கள் உறுப்பினருக்கு நினைவூட்டுங்கள். சொல்லப்போனால், உறுதிமொழியாகிவிடக் கூடாது என்பதற்காகவே அதிகாரிகள் இப்போதெல்லாம் 'முன்னுரிமை தருகிறது' என்ற நிகழ்கால வாக்கியத்தை விரும்புகிறார்களோ என்று எனக்கொரு சந்தேகம்.

சில மாதம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன். "மவன் வந்துட்டான் தம்பி." சந்தோஷமாக இருந்தது. "போட்டு அங்கனயே கெடக்கு. மொதலாளி வேற போட்டு வாங்க மாட்டேங்கிறாரு. அவன் எதுல கடலுக்குப் போறது? அதுக்கு ஒரு கேள்வி போடுங்க."

இந்த முறை 'கவனத்துக்கு வந்துள்ளதா' என்று எழுதவில்லை. (அ) கடந்த ஐந்து ஆண்டுகளில் இலங்கை பறிமுதல் செய்த படகுகள் எத்தனை, ஆண்டுவாரியாக. (ஆ) அவற்றில் திரும்பி வந்தவை, இலங்கை அரசுடைமையாக்கியவை, ஏலம் விட்டவை, மூழ்கிப்போனவை எத்தனை எத்தனை. (இ) படகுகளைப் பற்றி மட்டும் இலங்கை அரசோடு கடைசியாகப் பேசிய தேதி எது.