எல்லைக்குட்பட்ட நிலை அல்ல, கட்டுண்ட நிலை

குவாண்டம் இயக்கவியல் பாடக்குறிப்பு ஒன்று பிழைதிருத்த வந்திருந்தது. ஹைட்ரஜனின் எலக்ட்ரான் 'எல்லைக்குட்பட்ட நிலை'யில் இருக்கிறதாம். ஒன்பது இடங்களில் அப்படியே. இந்தத் தொடரைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது.

ஆங்கிலத்தில் இது 'பவுண்ட் ஸ்டேட்'. 'பவுண்ட்' என்ற சொல்லுக்கு அங்கே பல மூலங்கள் உண்டு; இங்கே குழப்புபவை இரண்டு. ஒன்று கட்டுதலைக் குறிக்கும் 'பைண்ட்' வினையிலிருந்து வந்தது. மற்றது, எல்லை என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டுக்கும் உறவு கிடையாது. ஜெர்மனில் 'கெபுண்டன்' என்பார்கள். கட்டப்பட்டது என்று பொருள்.

சரி, எலக்ட்ரான் அணுவை விட்டுப் போகவில்லையே, எல்லை என்றால் என்ன குறை? இயற்பியலே இடிக்கிறது. ஹைட்ரஜனின் அடி ஆற்றல் நிலை −13.6 எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றலுக்கு நியூட்டன் இயக்கவியல் வகுக்கும் எல்லை, போர் ஆரத்தின் (நீல்ஸ் போர் ஹைட்ரஜன் அணுவுக்குக் கணக்கிட்ட ஆரம்) இரு மடங்கு. துகள் எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் அலைச்சார்பை வைத்துக் கணக்குப் போட்டால், எலக்ட்ரான் அதற்கு வெளியே இருக்க சுமார் 24 சதவீத வாய்ப்பு. எல்லை தாண்டியும் கட்டு அவிழவில்லை! விடுபட்டு வெகுதூரத்தில் ஓய்ந்து நிற்கும் துகளின் ஆற்றல் சுழி; அதற்குக் கீழே இருப்பதுதான் கட்டு. யுரேனியம் 238 இதற்கு நேர்மாறு. அதன் ஆல்ஃபா துகள், வெளியேற விடாத ஆற்றல் தடையான அரணுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அரை ஆயுட்காலம் சுமார் 450 கோடி ஆண்டுகள். ஆனாலும் அதன் ஆற்றல் சுழிக்கு மேல். ஆகவே அது கட்டுண்டதல்ல, என்றாவது அரணை ஊடுருவி வெளியேறும். 1928இல் இயற்பியலாளர் காமோவ் விளக்கியது இதைத்தான். பட்டியில் அடைத்த மாடு வேறு, முளையில் கட்டிய மாடு வேறு. பக்கத்திலேயே சமன்பாடு இருக்கிறது. அதைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது.

'பிணைந்த நிலை' தவறில்லை. ஆனால் பிணைப்பு என்றதும் மாணவர் மனம் வேதியியலுக்குப் போய்விடுகிறது. எதிர்ச்சொல்லும் அமையாது: 'பிணையற்ற' என்றால் ஜாமீனும் கடனும்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம் அந்த எதிர்ச்சொல், ஆங்கிலத்தில் 'ஃப்ரீ பார்ட்டிகிள்'. 'சுதந்திரத் துகள்' மேடைப்பேச்சு. 'இலவசத் துகள்' பற்றிப் பேசவே வேண்டாம். 'தனித்துகள்' நன்றாகத் தோன்றும், பொருள்தான் பிசகு. ஹைட்ரஜனில் எலக்ட்ரான் ஒன்றே ஒன்று, தனிதான், ஆனால் கட்டுண்டது. எந்த விசையும் பிடிக்காத துகள் கட்டற்ற துகள். அதற்கு எந்த நேர் ஆற்றலும் இருக்கலாம். படிப்படியான ஆற்றல் மட்டங்கள் கட்டுண்டதற்கே. கட்டு என்ற ஒரே வேரில் இரண்டும் அடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகங்களில் 'கட்டுறா எலக்ட்ரான்' முன்பே இருக்கிறது.

ஒன்பது இடங்களையும் திருத்தி அனுப்பிவிட்டேன்.